குருத்தோலைக்குள் வைத்த பன்னிரண்டு சொற்கள்

மகனே,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு வாசிக்காதே. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இரு. தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தால் முதலில் அதைக் குடித்து முடி. நடுவிலே அதை மறந்துவிடுவாய், ஆறிப்போகும், பிறகு அதற்கும் அப்பன்தான் காரணம் என்பாய். நான் சுகம். வலது முழங்கால் மட்டும் என்னோடு கோபம், சொன்ன பேச்சைக் கேட்கிறதில்லை. அம்மாவும் சுகம், அவளுக்கும் என்னோடு கோபம், அதன் காரணம் கீழே வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்தது உனக்குத் தெரியும். ஆனபடியால் இதை நான் எழுத, எட்டாம் வகுப்புவரை படித்த அம்மா திருத்தினாள். என் பிழைகளைத் திருத்துவதில் அவளுக்கு முப்பது வருடப் பழக்கம் இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ என்னிடம் நம்பித் தந்த பணப்பை, நீங்கள் வொலற் என்று சொல்லும் சாமான், எங்கள் பேச்சில் பெட்டி, இப்போது திறக்காது. அது இருந்த என் போன் உப்புத் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது. போன் செத்தால் எடுக்கலாம் என்று நீ என் கையால் எழுதவைத்த பன்னிரண்டு சொற்களும் இல்லை. மூன்று வருடமாக நீ கண்முழித்து உழைத்ததில் பாதி அதற்குள்தான் இருக்கிறது என்பதும், கலியாணம் முடிந்ததும் அதை எடுத்துத்தான் நீயும் அந்தக் கரவெட்டிப் பிள்ளையும் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் போட இருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். நாலு ஞாயிற்றுக்கிழமையாக நீ அம்மாவின் போனுக்கு எடுத்து, "அப்பா, பெட்டி சரியோ?" என்று கேட்டாய். நாலு தரமும் "ஓம், ஓம்" என்றேன். நாலு தரமும் பொய். தவக்காலத்தில் வேறு சொன்னேன், அதற்குத் தனியாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். நீ உயிர்த்த ஞாயிறு கழிய வந்து இறங்கி, பயணப் பையை வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டு கையை நீட்டும்போது இதைச் சொல்ல என்னால் ஏலாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ வெளிநாடு போவதற்கு இரண்டு நாள் முன்பு அந்த வேலையைச் செய்தாய். வைகாசி மாதம், அனல் அடிக்கிற பின்னேரம். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். நீ அப்போதே கம்பியூட்டரில் வெளிநாட்டு ஆட்களுக்குப் படம் வரைந்து கொடுத்து, கூலியைக் கிரிப்டோ என்கிற இன்ரநெற் காசில் வாங்கிக்கொண்டிருந்தாய். அதை எனக்கு விளங்கப்படுத்த நீ பட்ட பாடு இருக்கிறதே, நான் உனக்கு நீச்சல் பழக்கப் பட்ட பாட்டுக்கு அது சமன். "என்னட்டை இருந்தா நான் செலவழிச்சுப் போடுவன் அப்பா. உங்களிட்டை இருந்தா நிக்கும்" என்றாய். என் கஞ்சத்தனத்தை அவ்வளவு மரியாதையாக ஒருவரும் சொன்னதில்லை.

"உது எந்த வங்கி?" என்று கேட்டேன்.

"வங்கி இல்லை அப்பா. உங்கடை பெட்டி, உங்கடை சாவி. இடையிலை ஒருத்தரும் இல்லை."

"அப்ப சாவி துலைஞ்சா ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?"

"ஒருத்தரிட்டையும் சொல்லேலாது. நீங்கள்தான் மனேச்சர்."

"சம்பளம் எவ்வளவு தருவாய்?"

"பகிடி விடாமல் எழுதுங்கோ அப்பா!"

எழுதினேன். இங்கிலீசு எழுத்தை நான் எழுதவில்லை, வரைந்தேன். நீ ஒவ்வொரு சொல்லாக உரத்து வாசித்து, கருத்தும் சொன்னாய். பன்னிரண்டையும் வரைந்து முடிக்க விரல் மரத்துப் போயிற்று. நீ உனக்கென்று ஒரு பிரதி எடுக்கவில்லை. "எனக்கு ஞாபகம் இருக்கக்கூடாது, இருந்தா எடுத்துச் செலவழிப்பன்" என்று சொல்லிவிட்டு, எழும்பும்போது ஒன்று சொன்னாய்: "இந்தக் கடதாசியை ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ அப்பா. ஒருத்தருக்கும்." நான் ஓம் என்றேன். மகனே, என் வாழ்க்கையில் நான் ஒரு சொல்லை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றியது அந்த ஒருமுறைதான். அதனால்தான் எல்லாம் கெட்டது.

எங்கே வைப்பது என்று யோசித்தேன். அலுமாரிச் சாவி அம்மாவிடம். அரிசிப் பானை அம்மாவுடையது. மெத்தையை அவள் மாதம் ஒருமுறை வெயிலில் போடுவாள். இந்த வீட்டில் என் பெயருக்கு ஒரு மூலை கிடையாது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். கடைசியில் அந்தோனியார் படம் கண்ணில் பட்டது. அதற்குப் பின்னால் அந்த வருடம் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தந்த ஓலையைச் சிலுவையாக மடித்துச் செருகியிருந்தோம். கடதாசியைச் சின்னதாக மடித்து அந்த ஓலை மடிப்புக்குள் தள்ளினேன். கள்ளன் வந்தாலும் அந்தோனியாரில் கை வைப்பானா? தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதர் வேறு. அவரிடம் கொடுத்தால் தொலையவே தொலையாது என்று என் பெரிய மூளை எனக்குச் சொன்னது.

ஆனாலும் கடதாசியை நான் முழுக்க நம்பவில்லை. கடற்காரன் கயிறு இரண்டு கட்டுவான். நீ சொன்ன சொற்களை மனதிலும் ஏற்றப் பார்த்தேன். வெறும் இங்கிலீசு மனதில் நிற்குமா? அதனால் எங்கள் கரையில் வரிசையாகக் கட்டியிருக்கும் மீன்பிடிப் போட்டுகளில் ஒவ்வொரு சொல்லாக ஏற்றினேன். முதல் சொல் என் போட்டில். இரண்டாவது பக்கத்துப் போட்டில். இப்படிப் பன்னிரண்டு போட், பன்னிரண்டு சொல். முற்றத்தில் பிய்ந்த வலையைக் கட்டிக்கொண்டு இருக்கும்போது கண்ணை மூடிக் கரையோரமாக நடப்பேன். ஒவ்வொரு போட்டாகத் தொட்டு அதன் சொல்லைச் சொல்லுவேன். நாலைந்து மாதம் அப்படிச் சொன்னேன். பிறகு பெட்டி ஒழுங்காகத் திறந்தது, காசு ஒழுங்காக வந்தது, நான் சொல்லுகிறதை விட்டுவிட்டேன். எல்லாம் சரியாக நடக்கும்போதுதான் மனிதனுக்குச் சோம்பல் பிடிக்கிறது.

எல்லாம் சரியாக நடந்தது என்றும் சொல்லேலாது. அந்த மூன்று நாள் கதை உனக்கு ஞாபகம் இருக்குமே. காசு அனுப்பிவிட்டேன் என்று எழுதினாய். பெட்டியைத் திறந்தால் கூடவில்லை. அடுத்த நாளும் கூடவில்லை. ஆரோ கள்ளன் புகுந்துவிட்டான் என்று முடிவெடுத்து, உனக்கும் சொல்லாமல், சோறும் இறங்காமல், மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அம்மா எனக்கு மலச்சிக்கல் என்று நினைத்துக் கசாயம் தந்தாள். அதையும் குடித்தேன், உண்மையைச் சொல்லுவதைவிட அது லேசு. நாலாம் நாள் நீ போன் எடுத்தபோது மெல்லக் கேட்டேன்.

"ஐயோ அப்பா! நான் இந்த முறை வேறை நெற்வேர்க்கிலை அனுப்பினனான். அதிலை கூலி குறைவு. மேலை அமத்துங்கோ, ரண்டாவதைத் தொடுங்கோ."

தொட்டேன். முழுக் காசும் இருந்தது. "வந்திட்டுதடா!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"அது எங்கையும் போகேல்லை அப்பா. அங்கைதான் இருந்தது. நீங்கள்தான் வேறை கரையிலை நிண்டனீங்கள்."

அன்றைக்குத்தான் எனக்கு அந்தச் சாமான் விளங்கியது. நெற்வேர்க் என்றால் கரை. முகவரி என்றால் போட்டில் எழுதிய இலக்கம். ஒரே இலக்கத்தோடு எங்கள் குருநகர்க் கரையிலும் இறங்கலாம், பாசையூர்க் கரையிலும் இறங்கலாம், நாவாந்துறையிலும் இறங்கலாம். மீன் பாசையூரில் இறங்கியிருக்க, நான் குருநகரில் குந்திக்கொண்டு கடலை ஏசியிருக்கிறேன். பிறகு நான் மூன்றுக்கும் அந்தப் பெயர்களையே வைத்துவிட்டேன். "அப்பா, இந்த மாதம் நாவாந்துறையிலை இறக்கினனான்" என்று நீ எழுதுவாய். உன் கூட வேலை செய்கிற வெள்ளைக்காரன் அதைப் பார்த்தால் உனக்குக் கடலில் போட் ஓடுகிறது என்று நினைத்திருப்பான்.

பிறகு ஒருமுறை நீ அவசரமென்று கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னாய். நாவாந்துறையில் டொலர்க் காசு நிறைய இருந்தது. அனுப்ப அமத்தினால் போகாது. ஒவ்வொரு கரைக்கும் தன் சொந்தக் காசு ஒன்று உண்டாம், அனுப்புகிற கூலியை அதில்தான் கட்ட வேண்டுமாம், டொலரை வாங்கமாட்டார்களாம். போட் நிறைய மீன் இருக்கிறது, இஞ்சினுக்கு எண்ணெய் இல்லை. நீ சிரித்துக்கொண்டு அந்தக் கரைக் காசில் கொஞ்சம் போட்டுவிட்டாய். முதலில் ஒரு துளி அனுப்பிப் பார், அது போய்ச் சேர்ந்தால் மிச்சத்தை அனுப்பு என்றும் சொல்லித் தந்தாய். இவ்வளவும் பழகினேன் மகனே. ஐம்பத்தைந்து வயதில், இங்கிலீசு தெரியாமல், மூன்று கரையிலும் தொழில் செய்தேன். மூன்று கரைக்கும் சாவி ஒன்றுதான் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

இனி விழுந்த கதை. திருநீற்றுப் புதன் கழிந்த அடுத்த நாள். வலையை வளைத்துவிட்டுச் சும்மா இருந்த நேரம், போட்டில் என்னோடு வந்தவனுக்கு உன் பெண்ணின் படத்தைக் காட்ட ஆசை வந்தது. பொலித்தீன் பையிலிருந்து போனை வெளியே எடுத்தேன். கடலில் எடுக்காதேங்கோ என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தது, ஆனால் ஒரு மருமகளின் படத்தைப் பையோடு காட்டுவது மரியாதை இல்லை. "நல்ல பிள்ளை, உன்ரை மோன் தப்பினான்" என்றான். நான் சிரித்தேன். கை ஈரம், போன் வழுக்கியது. அந்த இடத்தில் தண்ணீர் நெஞ்சளவுதான், குதித்து எடுத்துவிட்டேன். மருமகள் ஒரு நொடி ஸ்கிரீனில் நின்று என்னைப் பார்த்தாள், பிறகு கறுப்பாகிப் போனாள்.

குருநகரில் போன் திருத்துகிற கடை மூன்று இருக்கிறது. நான் மானிப்பாய்க்கு பஸ் ஏறினேன். ஏன் தெரியுமா? இங்கே கொடுத்தால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் அம்மாவுக்குத் தெரியும். ஒருத்தருக்கும் காட்டாதே என்றாயே, நான் செத்த போனைக்கூடக் காட்டவில்லை. மானிப்பாய்க் கடைக்காரன் நல்ல பெடியன், முப்பது வயது வரும். கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"உப்பு எல்லாத்தையும் திண்டிட்டுது அண்ணை. உதை விடுங்கோ. உள்ளை ஏதும் முக்கியமானது இருந்ததோ?"

நான் குரலைத் தாழ்த்தி விசயத்தைச் சொன்னேன். அவன் சிரித்தான். "அப்ப பயப்பிடாதேங்கோ. காசு போனுக்கை இல்லை. புதுப் போனிலை அந்தப் பன்னிரண்டு சொல்லையும் போட்டா எல்லா நெற்வேர்க்கும் திரும்பி வரும். கடதாசி பத்திரமோ?"

"அந்தோனியாரிட்டை இருக்கு."

"ஆர், உங்கடை சொந்தக்காரரோ?"

"ஓம், நெருங்கின சொந்தம்" என்று சொல்லிவிட்டு, பாட்டுப் பாடாத குறையாக வீடு வந்தேன். அம்மா குசினியில் இருந்தாள். படத்தின் பின்னால் கையை விட்டு ஓலையை எடுத்தேன். மடிப்பைப் பிரித்தேன். ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்பப் பிரித்தேன். ஓலையைப் பார்த்தேன். மூன்று வருட ஓலை கபில நிறமாகி நொருங்கியிருக்க வேண்டும். இதில் இன்னும் மஞ்சள் மாறவில்லை.

"இஞ்சேர், இதிலை இருந்த பழைய குருத்தோலை எங்கை?"

"பழசை வைச்சு என்ன செய்யிறது? வருசா வருசம் கோயிலிலை குடுக்கிறதுதானே, இந்த முறைதான் குடுக்க மறந்துபோனன்."

"ஏன் குடுக்கிறது?"

"ஏனோ? சாம்பலுக்கு! திருநீற்றுப் புதனுக்குப் பாதர் எதைச் சுட்டுப் பூசுறார் எண்டு நினைச்சனீங்கள்? அம்பத்தஞ்சு வருசமா நெத்தியைக் காட்டிக்கொண்டு நிண்டிருக்கிறியள்."

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும், பழைய குருத்தோலையைச் சேர்த்து எரித்த சாம்பல்தான் அது என்று. தெரிந்த விசயத்தை யோசிக்காமல் விட்ட அறிவாளி நான். நீ போன அடுத்த வருடம் தவக்காலம் தொடங்க முதல், நான் கடலில் இருந்த ஒரு காலை, அம்மா ஓலையைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அதற்குள் கடதாசி இருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தப் புதன்கிழமை நானும் வரிசையில் நின்றேன். பாதர் என் நெற்றியில் சாம்பல் பூசினார். உன் பன்னிரண்டு சொற்களும் பங்குச் சனம் முழுவதன் நெற்றியிலும் இருந்திருக்கின்றன மகனே. மத்தியானம் எல்லோரும் முகம் கழுவிவிட்டோம். அதன் பிறகு இரண்டு வருடமாக ஒவ்வொரு விடியலும் கடலுக்குப் போக முதல் அந்தப் படத்தைத் தொட்டு, பத்திரமா ஐயா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறேன். வெறும் ஓலையைக் கேட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் அன்று எல்லாவற்றையும் சொன்னேன். காசு போனதற்குக் கத்துவாள் என்று நினைத்தேன். காசைப்பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

"மூண்டு வருசம் எனக்குச் சொல்லேல்லையோ?"

"ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ எண்டு தம்பி சொன்னவன்."

"நான் ஒருத்தரோ?"

அவ்வளவுதான். எழும்பிப் போய்விட்டாள். அவளிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த ஓலை கோயிலுக்குப் போயிருக்காது. கள்ளனுக்குப் பயந்து, என்னோடு ஒரே சட்டியில் சாப்பிட்டவளைக் கள்ளனோடு சேர்த்து வைத்திருக்கிறேன். நீ பிழையாகச் சொல்லவில்லை மகனே. அந்தச் சொற்கள் ஊரான் கைக்குப் போனால் காசு போய்விடும் என்பது உண்மை. ஆனால் ஒருத்தருக்கும் என்ற சொல்லுக்குள் வீட்டுக்காரியையும் போட்டு மூடியது நான். நாளைக்கு நீயும் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறாய். உன் பெட்டியைத் திறக்கும் சொற்களை அவளுக்குச் சொல்லுவதா விடுவதா என்பது உன் விருப்பம். அப்படி ஒரு பெட்டி இருக்கிறது, அதன் கடதாசி இந்த இடத்தில் இருக்கிறது என்றாவது அவளுக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் அவள் வீடு துப்புரவாக்குவாள், நீ நெற்றியில் பூசிக்கொண்டு வருவாய்.

அடுத்த நாள் கண்ணை மூடி, போட்டுகளில் ஏற்றிய சொற்களைத் தேடிக் கரையில் நடந்தேன். முதலாவது வந்தது. இரண்டாவது வந்தது. ஆறுவரை நிறுத்தாமல் வந்தன, எனக்கே கண் கலங்கியது. ஏழாவதில் நின்றுபோனேன். ஏழாவது போட் உன் சின்ன மாமாவுடையது. அவன்தான் போன வருடம் அதை மன்னார்ப் பக்கம் விற்றுவிட்டு, கடலே வேண்டாமென்று கொடிகாமத்துச் சந்தையில் தேங்காய் வியாபாரம் தொடங்கினானே. அந்த இடத்தில் இப்போது வெறும் தண்ணீர். போட்டோடு சொல்லும் போய்விட்டது. எட்டிலிருந்து பன்னிரண்டுவரை மறுபடி வந்தன. ஏழு இல்லை.

அவன் முகத்தைப் பார்த்தாலாவது வருமோ என்று கொடிகாமத்துக்கும் போனேன். தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் இருந்தான். நான் போய் முன்னால் நின்று பார்த்தேன், பார்த்தேன், பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்ன அத்தான், வந்த நேரந்தொட்டு என்ரை முகத்தையே பாத்துக்கொண்டு நிக்கிறியள்? அக்கா ஏதும் சொல்லி விட்டவாவோ?"

"இல்லையடாப்பா. உன்ரை போட்டை நினைச்சன். அதுக்கை என்ரை சாமான் ஒண்டு கிடந்தது."

"நான் கழுவித் துடைச்செல்லோ குடுத்தனான். ஒண்டும் இருக்கேல்லையே."

"கழுவினாலும் போகாத சாமான்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "வெயிலுக்கை வந்து உங்களுக்குத் தலை சுத்துது. இதிலை இருங்கோ, ஒரு இளநி வெட்டித் தாறன்."

இளநி நல்ல இனிப்பு. சொல் வரவில்லை.

திரும்பி வரும் வழியில் யாழ்ப்பாணத்தில் மாறி மறுபடி மானிப்பாய்க்குப் போனேன். அன்று ஏறி இறங்கிய பஸ்ஸைச் சேர்த்தால் நான் கொழும்புக்கே போயிருக்கலாம், கால் அவ்வளவு நோவு. கடைக்காரனிடம் பதினொன்று இருக்கிறது, ஏழாவது இல்லை என்றேன். வாயைத் திறந்து முதலாவதைச் சொல்லப் போனேன், அவன் கையால் மறித்தான். "எனக்குச் சொல்லாதேங்கோ அண்ணை. ஆருக்கும் சொல்லாதேங்கோ. எடுத்துத் தாறம், சொல்லுங்கோ எண்டு போனிலை கேக்கிறவங்கள் முழுக்கக் கள்ளர். உங்கடை மகன் வரட்டும். அந்தச் சொல்லுகள் எல்லாத்துக்கும் ஒரு பட்டியல் இருக்கு, ரண்டாயிரத்துச் சொச்சம். ஒரு இடம்தான் வெறுமை எண்டா, ஒவ்வொண்டாப் போட்டுப் பாத்தே கண்டுபிடிக்கலாம். ஆனா மற்றப் பதினொண்டும் துப்புரவாச் சரியா இருக்கோணும், வரிசையும் மாறக்கூடாது."

அந்த 'ஆனா'தான் இப்போது என் நெஞ்சில் கிடக்கிறது. பதினொன்றும் சரியா? பகலில் சரி என்று தோன்றும். வலை இழுக்கும்போது மூன்றாவதும் நாலாவதும் இடம் மாறி நிற்பதுபோல் இருக்கும். நீ அங்கேயிருந்தே அந்த முகவரியைப் போட்டுப் பார்த்தால் மூன்று கரையிலும் காசு அப்படியே இருப்பது தெரியும் என்று கடைக்காரன் சொன்னான். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற மீன்போல. பார்க்கலாம், தொடேலாது. நான் களைத்துப் போனேன் மகனே. கடல் என்னை இப்படிக் களைக்கப் பண்ணியதில்லை. என் போட்டுக்கு என்ன விலை போகும் என்று ஒருவரிடம் விசாரித்தேன். அம்மாவுக்குக் கதை போய்விட்டது. "போட்டை வித்துப்போட்டு எனக்கு முன்னாலை நாள் முழுக்கக் குந்திக்கொண்டு இருக்கிற எண்ணமோ? அந்தத் தண்டனை எனக்கு வேண்டாம்" என்றாள். ஒளித்ததால் கெட்ட விசயத்தை இன்னும் ஒளிக்கக்கூடாது என்று, இந்தக் கடிதத்தைக் கோயிலில் அச்சடிக்கிற மலரில் போடச் சொன்னதும் அவள்தான். உன் கைக்கு வந்து பத்து நாள் கழித்துத்தான் மலர் வரும். எங்கள் பங்கில் போனுக்குள் இப்படிப் பெட்டி வைத்திருக்கிற தகப்பன்மார் நான் ஒருவன் மட்டும் இல்லை. சொற்களை மட்டும் இதில் எழுதவில்லை, பயப்படாதே. நான் முட்டாள்தான், அவ்வளவு முட்டாள் இல்லை.

பெண்ணின் தாய் தகப்பனிடம் நானே கரவெட்டிக்குப் போய்ச் சொல்லுகிறேன். அது உன் வாயால் வரக்கூடாது. நீ கோபப்படு. நல்லாகக் கோபப்படு, போனில் வேண்டாம், வந்து என் முன்னால் நின்று ஏசு, நான் கேட்டுக்கொண்டு இருக்கிறேன். பிறகு சாப்பிட வா, நண்டுக் குழம்பு வைத்திருப்பாள்.

இவ்வளவும் எழுதி முடித்து நேற்றுப் பின்னேரம் அம்மாவிடம் திருத்தக் கொடுத்தேன். அவள் வாசித்துக்கொண்டு போனாள். ஏழாவது போட் வந்த இடத்தில் நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"தம்பி போன புதுசிலை முத்தத்திலை இருந்து வலை கட்டேக்கை நீங்கள் புறுபுறுத்தது உதுகளோ?"

"ஓம்."

"நான் உள்ளை இருந்து செபமாலை சொல்லுவன். உங்கடை புறுபுறுப்பு வந்து என்ரை செபத்தைக் குழப்பும். நாலைஞ்சு மாதம்! குடிவெறியிலை இங்கிலீசு கதைக்கிறியள் எண்டெல்லோ நினைச்சனான்."

பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள். என் குரலிலேயே, என் இழுப்போடு, நான் மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டு. முதலாவது. இரண்டாவது. மூன்றும் நாலும் நான் பகலில் நினைத்த அதே வரிசையில் வந்தன. ஐந்து, ஆறு. ஆறோடு நிறுத்தினாள்.

"ஏழு?" என்றேன்.

"தெரியும்."

"சொல்லன்!"

என்னைப் பார்த்தாள். முப்பது வருடத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, பேனையை எடுத்து, என் பிழைகளைத் திருத்தத் தொடங்கினாள்.

"ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதாம். தம்பி வரட்டும், அவன்ரை காதுக்கை சொல்லுறன்."

உண்மையில் தெரியுமோ, மூன்று வருடத்துக்குப் பழிவாங்குகிறாளோ, எனக்குத் தெரியவில்லை. கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். கெதியாய் வா.

அப்பா